வேகவதி தீரத்திலே

காஞ்சிபுரத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை உத்தேசித்தே செய்கிறார்கள். ஒன்று ஸ்வாமி தரிசனம். மற்றொன்று பட்டுப் புடவை. நான் போனது இரண்டாவது காரியத்துக்கு. ஆனால் பார்த்துவிட்டு வந்ததோ இரண்டிலும் சேராத ஒரு விஷயம். அது ஓர் ஏரி. அந்த ஏரியின் நிறம் பச்சை.

என் தமக்கையின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைப் புடவை எடுப்பதற்காக ஒரு பெரிய பரிவாரமாகப் புறப்பட்டுப் போனோம். காலை பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு விவகாரம், "பாசிப் பச்சையா, கிளிப் பச்சையா?" என்ற கட்டத்தை அடைந்தது. என்னுடைய அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். "இரண்டும் பச்சைதானே?" என்றேன். அதற்குப் பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தேன்.

வாசலில் ஒரு பெரியவர் திண்ணை ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. அதன் வாய் வழியாக அரக்கு நிறப் பட்டு நூல் எட்டிப் பார்த்தது. பேச்சுக் கொடுத்தேன். பிள்ளையார்பாளையத்தில் சாயம் தோய்க்கிறவர் என்று தெரிந்தது. தகப்பனாரும் பாட்டனாரும் அதே தொழில். "உள்ளே வியாபாரம் முடியச் சாயங்காலம் ஆகும், ஐயா! நம்ம பட்டறையைப் பார்க்கலாம், வாங்களேன்" என்றார். உடனே கிளம்பிவிட்டேன்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடப்பது ஒரு தனி அநுபவம். வீட்டுக்கு வீடு குழித்தறி. பலகை அடிக்கும் சத்தம் ஒரு வீட்டில் ஓய்ந்தால் அடுத்த வீட்டில் எழும்புகிறது. பெரியவரின் பட்டறையில் இரண்டு செப்பு அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் சாயம். மற்றொன்றில் சவுக்காரமும் சோடாவும் கலந்த வெந்நீர். இந்த இரண்டாவது அண்டாவைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும்.

பட்டுப் பூச்சி நூற்கும் இழை இரண்டு பொருள்களால் ஆனது. உள்ளே இருப்பது பட்டு. அதன்மேல் பூசியிருப்பது ஸெரிஸின் என்னும் பசை. கச்சாப் பட்டைத் தொட்டால் நார் மாதிரி முரடாக இருப்பதற்கு இந்தப் பசைதான் காரணம். சவுக்கார நீரில் கொதிக்க வைத்து அலசினால் பசை கரைந்து போய்விடும். அப்போதுதான் பட்டுக்கு மினுமினுப்பு உண்டாகிறது; சாயமும் பிடிக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரையில் இப்படிக் கரைந்து தண்ணீரோடு போகிறது. பாலாற்று ஜலத்தின் விசேஷத்தினால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த மெருகு வருகிறது என்று அவ்வூரில் சொல்வார்கள். மெருகு கொடுத்த ஜலத்துக்கு நாம் திருப்பிக் கொடுப்பது இந்தப் பசையும் சாயமும்.

"எல்லாரும் எங்க தண்ணியைத்தான் பார்க்கிறாங்க, ஐயா! சிவப்பா ஓடினா கண்ணுக்குத் தெரியுது. ஆறு கெட்டுது, ஏரி கெட்டுது, எல்லாத்துக்கும் சாயக்காரன்தான் காரணம்னு சொல்றாங்க. திருப்பூர்லே பூட்டின மாதிரி இங்கேயும் ஒருநாள் பூட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார் பெரியவர்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யல் நதியில் விழுந்து, 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கிற்று. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீர் பயிருக்கு விஷமாயிற்று. விவசாயிகள் வழக்காடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. அங்கே குற்றவாளி உப்பு. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்தில் ஓர் எல்லை இருந்தது. எல்லை இருந்தபடியால்தான் அதைத் தாண்டியவர்களைக் கேட்க முடிந்தது.

"ஏரி ஒன்று கெட்டுப் போயிருக்கிறது என்கிறீர்களே, அதைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். ஓர் ஆட்டோ பிடித்துக் கொண்டோம்.

போகிற வழியில் திருவெஃகாவில் இறங்கினோம். இங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு யதோக்தகாரி என்று பெயர். தமிழில் சொன்ன வண்ணம் செய்த பெருமாள். ஸ்தல புராணம் ரஸமானது. பிரம்மதேவர் சரஸ்வதியை அழைக்காமலே காஞ்சியில் ஒரு யாகம் தொடங்கினாராம். தேவிக்குக் கோபம் வந்துவிட்டது. வேகவதி என்னும் நதியாக உருவெடுத்து, யாகசாலையையே அடித்துக்கொண்டு போவதற்குப் பெருகி வந்தாள். பெருமாள் என்ன செய்தார்? சக்கரத்தை எடுக்கவில்லை. நதிக்குக் குறுக்கே அணை போலப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். "இதற்கு மேல் வராதே" என்று ஒரு கோடு கிழித்தாயிற்று. ஒரு நதிக்கு எல்லை விதித்த கதை உலகத்தில் வேறு எங்கேனும் இவ்வளவு அழகாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் திருவெஃகாவில்தான், ஒரு பொய்கையில் தாமரை மலரில் பொய்கையாழ்வார் அவதரித்தார் என்றும் சொல்கிறார்கள்.

தேவியாகப் பெருகி வந்த வேகவதியை அடுத்தாற்போல் பார்த்தோம். தாமல் ஏரிப் பக்கத்திலிருந்து வந்து, காஞ்சியை ஒட்டி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேருகிற நதி இது. ஓடி என்று எழுதிவிட்டேன், பழக்க தோஷம். நாங்கள் பார்த்தபோது அது ஓடவில்லை. கருநிறமான ஜலம் அங்கங்கே நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு அதில் வேகமும் இல்லை. யாருடைய யாகத்துக்கும் அதனால் அபாயம் இல்லை.

ஊருக்குள்ளே மஞ்சள் நீர்க் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் சுமங்கலிப் பெண்கள் நீராடும் துறை போலத் தோன்றும். மேற்கே புத்தேரிப் பக்கத்தில் தொடங்கி, நகரத்தை ஊடுருவிக் கிழக்கே நத்தப்பேட்டை ஏரியில் போய் விழுகிறது. மழை ஜலத்துக்காக ஏற்பட்ட கால்வாய். மழை வருஷத்தில் சில நாள்தான் பெய்கிறது. வீடுகளிலிருந்தும் சந்துகளிலிருந்தும் வருகிற ஜலமோ வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் வருகிறது. அதன் போக்கிலேயே போய் நத்தப்பேட்டை ஏரிக்கரையை அடைந்தோம்.

முதலில் அதை ஏரி என்றே நான் நினைக்கவில்லை. பச்சைப் பசேலென்று ஒரு வயல்வெளி என்று நினைத்தேன். "இதுதான் ஏரி" என்றார் பெரியவர். ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். 'தொப்' என்ற சத்தம் வந்தது. கல் இலைகளுக்குள் மறைந்தது. ஜலம் கண்ணில் படவில்லை. எல்லாம் ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து, பூவின் அழகுக்காகச் சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி. தாமரைப் பொய்கையில் ஓர் ஆழ்வாரைப் பெற்ற ஊருக்கு இந்தத் தாமரை வந்து வாய்த்திருக்கிறது! செடி விலகியிருந்த ஓரத்தில் ஜலம் பட்டாணிக் கஞ்சி போலக் கெட்டியான பச்சையாக இருந்தது. கடையில் விரித்த பாசிப் பச்சைப் புடவை நினைவுக்கு வந்தது.

"இது சாயம் இல்லையே, பெரியவரே?" என்றேன்.

"சாயத்திலே பாசி முளைக்குமா, ஐயா?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. செடி கொடிகளுக்கு உணவு வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் அவற்றில் முக்கியமானவை. வயலுக்கு நாம் காசு கொடுத்து வாங்கிப் போடும் உரமே இவைதான். வயலில் போட்டால் நெல் விளைகிறது. ஏரியில் விழுந்தால் பாசி விளைகிறது. பாஸ்பரஸ் தன் எடையைப் போல ஐந்நூறு மடங்கு பச்சைப் பாசியை வளர்க்க வல்லது. பகலில் பாசி பிராணவாயுவைக் கொடுக்கிறது என்பது மெய்தான். இரவில் அதுவே பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. செத்து அழுகும்போது மிச்சமிருப்பதும் போய்விடுகிறது. விடியற்காலையில் மீன்கள் மல்லாந்து மிதக்கின்றன. பட்டினியால் சாகிற ஏரி ஏதும் இல்லை. ஏரி சாவது அஜீரணத்தினால்தான்.

இது வெறும் ஊகம் அல்ல. கானடா தேசத்தில் 1973-ஆம் வருஷத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறு ஏரியை நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கரியும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் கலந்தார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும்! திரைக்கு இப்பக்கம் கருநீலம்; அப்பக்கம் நமது நத்தப்பேட்டை. டேவிட் ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானி நடத்திய இந்தச் சோதனைக்குப் பிறகு, எதைக் கட்டுப்படுத்தினால் ஏரி பிழைக்கும் என்பதைப் பற்றி அதிக விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

சரி, இந்த உணவு காஞ்சி ஏரிக்கு எங்கிருந்து வருகிறது? ஏரிக்கரையில் உட்கார்ந்து, கடையில் கொடுத்த விலைச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். பெரியவரின் அண்டாவிலிருந்தே ஆரம்பித்தேன். ஸெரிஸின் ஒரு புரதம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். ஆகவே 100 கிலோ கச்சாப் பட்டைக் கொதிக்க வைத்தால் 25 கிலோ பசையும், அதில் 4 கிலோ நைட்ரஜனும் வெளியேறும். இனி ஜனங்களின் கணக்கு. ஒரு மனிதரின் கழிவில் ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜனும் ஒன்றரைக் கிராம் பாஸ்பரஸும் உண்டு. ஊரின் ஜனத்தொகையை இரண்டு லட்சம் என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 2,000 கிலோ நைட்ரஜன்; 300 கிலோ பாஸ்பரஸ். அதாவது, சாயக்காரர்கள் நகர மக்களுக்குச் சமமாக ஏரிக்குத் தீனி போட வேண்டுமானால், தினம் 50,000 கிலோ பட்டை அண்டாவில் போட வேண்டும். புடவைக்கு அரைக் கிலோ பட்டு என்றால் தினந்தோறும் ஒரு லட்சம் புடவை! ஒரு கைத்தறிப் புடவைக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகிற ஊரில்!

சாயத்தினால் கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சாயமும் உப்பும் வேறு விதமான கெடுதல். அதற்குத் தனியே பரிகாரம் வேண்டும். ஆனால் இந்தப் பச்சைக்குக் காரணம் பெரியவரின் அண்டா அல்ல. நாமும், நமது வீட்டுச் சலவைத் தூளும், சுற்று வட்டாரத்து வயல்களில் மிஞ்சுகிற யூரியாவும்தான். நமது கழிவுக்கு நிறம் கிடையாது. ஆகையால் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் எப்போதும் சாயக்காரராகவே இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் ஏற்பட்டது. நதிகளையும் ஏரிகளையும் குடிப்பதற்கு, குளிப்பதற்கு, மீன் வளர்ப்பதற்கு, பாசனத்துக்கு என்று ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் லட்சணம் வகுத்திருக்கிறார்கள். பிராணவாயு எவ்வளவு, கிருமி எவ்வளவு என்றெல்லாம் அதில் காணலாம். பாஸ்பரஸ் என்ற வார்த்தையை மட்டும் காண முடியாது. கழிவு நீருக்கு 1993-ல் வகுத்த பொது விதிகளில் அது இருக்கிறது: ஆறு, ஏரிகளில் விடும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. ஆனால் ஏரி ஜலத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் முப்பதில் ஒரு பங்கு பாஸ்பரஸ் சேர்ந்தாலே பாசி கட்டத் தொடங்கிவிடும் என்பது ஏரி விஞ்ஞானிகளின் கணக்கு. ஏரி தாங்குவதைப் போல நூற்றைம்பது மடங்கைக் குழாயின் வாயில் அநுமதித்தாகிறது.

இவ்வளவு தாராளம் எப்படி வந்தது? ஆங்கில நாட்டில் 1912-ல் ஒரு ராயல் கமிஷன் கழிவு நீருக்கு எல்லை வகுத்தது. உலகம் முழுவதும் அந்த வழியைப் பின்பற்றிற்று. கமிஷன் அந்த எல்லையைச் சொன்னபோது ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்லியிருந்தது: கழிவைப் போல எட்டு மடங்காவது சுத்தமான ஆற்று ஜலம் வந்து கலக்க வேண்டும் என்பதே அது. தேம்ஸ் நதிக்கு எட்டு மடங்கு கிடைக்கலாம். வேகவதிக்கு எங்கே போவது? வருஷத்தில் பெரும்பாலான நாளில், கழிவைத் தவிர அங்கே வேறு ஜலமே இல்லையே! எண்ணை இறக்குமதி செய்து கொண்டோம். மழையை இறக்குமதி செய்ய முடியவில்லை.

நமது சர்க்காருக்கு இது தெரியாமல் இல்லை. 2015-ல் நகரக் கழிவுச் சுத்திகரிப்புக்கு வெளியிட்ட நகல் விதிகளில் மொத்த நைட்ரஜன் 10 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்று இருந்தது. 2017 அக்டோபரில் விதிகள் முடிவான போது, நைட்ரஜனைப் பற்றிய வரியே காணாமல் போயிற்று. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டு, நைட்ரஜனுக்கு 10 என்றும், ஏரி குளங்களில் விடுவதானால் பாஸ்பரஸுக்கு 1 என்றும் எல்லை வகுத்து உத்தரவிட்டது. ஐந்து ஒன்றாயிற்று. அதை மனமார வரவேற்க வேண்டியதுதான். ஐரோப்பாவில் 1991-லேயே, பாசி கட்டும் அபாயமுள்ள நீர்நிலைகளில் கழிவை விடும் பெரிய நகரங்களுக்கு இதே ஒன்றைத்தான் வகுத்தார்கள்.

ஆனாலும் என் மனம் சமாதானம் அடையவில்லை. குழாய்க்கு எல்லை வைப்பது ஒன்று. ஏரிக்கு எல்லை வைப்பது வேறொன்று. ஒரு குழாயில் ஒரு மில்லிகிராம் வீதம் வந்தாலும், பத்துக் குழாய்கள் வந்தால் பத்துப் பங்காகிறது. "இந்த ஏரி வருஷத்துக்கு இத்தனை கிலோ தாங்கும்" என்று முதலில் ஏரியை அளந்து எல்லை கட்ட வேண்டும். பிறகுதான் நகரத்துக்கு இவ்வளவு, வயலுக்கு இவ்வளவு, பட்டறைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் செஸபீக் விரிகுடாவுக்கு 2010-ல் இப்படித்தான் பங்கு பிரித்தார்கள். ஸியாட்டில் நகரத்தார் தங்கள் வாஷிங்டன் ஏரியில் கழிவு விடுவதை 1963-லிருந்து 1968-க்குள் அடியோடு நிறுத்தினார்கள். சில வருஷங்களில் ஏரி தெளிந்துவிட்டது. (கழிவைக் கடலின் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காஞ்சிக்கு அந்த வசதி கிடையாது.)

ஏரிக்கு ஏரி தனிக் கணக்கு என்பது நமக்குப் புதிதா என்ன? காஞ்சிக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைக் கோயில் சுவரிலே இன்றும் பார்க்கலாம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையினால் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்நூற்றறுபது நாள் காரியம் பார்க்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. ஊர் ஏரிக்கு ஊரே பொறுப்பு. கோடையில் வண்டலை வெட்டி வயலுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஏரியில் சேர்ந்த பாஸ்பரஸ் பெரும்பாலும் அடிமண்ணில்தான் தங்குகிறது என்று இப்போது விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பெயர் தெரியாமலே நமது முன்னோர்கள் அதை வருஷா வருஷம் வெளியேற்றி, நெல்லாக மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள்! 2017-ல் குடிமராமத்தை மறுபடி தொடங்கியதும் அப்போதைய காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த மணிமங்கலத்தில்தான். வண்டலை எடுப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டே மறுபக்கம் தினம் கொட்டினால், வரதராஜர் கோயில் அனந்தசரஸைப் போல நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை இறைத்தும் போதாது. நாலு மாதத்துக்கு ஒரு முறை இறைக்க வேண்டியதுதான்.

பொழுது சாய்ந்தது. கணக்கு எழுதிய சீட்டைப் பெரியவரிடம் காட்டி விளக்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தார். ஒரு லட்சம் புடவை என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது தப்பு, ஐயா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது தப்பு?"

"புடவைக்கு அரைக் கிலோ பட்டுன்னு போட்டிருக்கீங்க. எடையிலே ஜரிகையும் சேர்ந்திருக்கு. பட்டு மட்டும் அவ்வளவு வராது. ஒரு லட்சம் பத்தாது. இன்னும் கூட நெய்யணும்."

திருத்தி எழுதிக் கொடுத்தேன். சீட்டை நாலாக மடித்து இடுப்பு மடிப்பில் செருகிக் கொண்டார். "அடுத்த தடவை அதிகாரிங்க வந்தா இதைக் காட்டறேன்" என்றார். எந்த அதிகாரி அதைப் படிப்பார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பியபோது புடவை எடுத்து முடிந்திருந்தது. பாசிப் பச்சைதான். அரக்குக் கரை. "எங்கே போய்விட்டாய்? சீட்டு எங்கே? அதைக் காட்டினால்தான் பணம் கட்ட முடியுமாம்" என்றாள் தமக்கை. சீட்டு அந்நேரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.